ஃபிராங்கெல்: 14 பந்தயங்களில் மெய்ப்பிக்கப்பட்டவையும் மெய்ப்பிக்கப்படாதவையும்

குளம்பொலி எழுதியது:

2010 ஆகஸ்ட் முதல் 2012 அக்டோபர் வரை 14 முறை களமிறங்கி 14 முறையும் வென்ற ஒரு குதிரையைப் பற்றி நாம் இங்கே அவ்வப்போது குறிப்பிட்டிருக்கிறோமே தவிர, அதன் பிறப்பையும் பந்தய வாழ்க்கையையும் தொடர்ச்சியாக ஒருமுறைகூடப் பேசியதில்லை. ஆகவே இந்த இழையை ஃபிராங்கெலுக்காக மட்டுமே தொடங்குகிறேன். மற்ற குதிரைகளை ஒப்பீட்டுக்காக இழுத்து வரலாம். ஆனால் பேச்சு ஃபிராங்கெலை விட்டு விலக வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குதிரைக்கு வேகம் பிறவியிலேயே இருந்தது. அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது நிதானத்தைத்தான். மூன்று பருவங்களில் அதன் ஓட்டங்களை வரிசையாகப் பார்த்தால், ஓடத் துடிக்கும் ஒரு விலங்கு, எப்போது ஓட வேண்டும் என்று காத்திருக்கக் கற்றுக்கொண்ட கதைதான் தெரிகிறது.

ஃபிராங்கெல் 2008 பிப்ரவரி 11 அன்று, சவூதி இளவரசர் காலித் அப்துல்லாவின் ஜட்மான்ட் நிறுவனத்துக்குச் சொந்தமான பான்ஸ்டெட் மேனர் பண்ணையில் பிறந்தது. இப்பண்ணை இங்கிலாந்தின் நியூமார்க்கெட் நகருக்கு அருகில் இருக்கிறது. தகப்பன் கலிலியோ, தாய் கைண்ட். அமெரிக்காவில் இளவரசரின் குதிரைகளுக்குப் பயிற்சியளித்து 2009 நவம்பரில் காலமான பாபி ஃபிராங்கெலின் நினைவாக இந்தப் பெயர் சூட்டப்பட்டது. பயிற்சிக்கு அனுப்பப்பட்ட இடம் நியூமார்க்கெட்டின் வாரன் பிளேஸ்; பயிற்சியாளர் ஹென்றி செசில்; எல்லாப் பந்தயங்களிலும் ஜாக்கி டாம் குவீலி.

முதல் ஓட்டம் 2010 ஆகஸ்ட் 13 அன்று நியூமார்க்கெட்டில் நடந்தது. மழையில் ஊறிய தரை, ஒரு மைல் தூரம், அரை நீள வெற்றி (நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்). இரண்டாவதாக வந்த குதிரை நதானியேல். நான்கே வாரங்களில் டான்காஸ்டரில் 13 நீள வெற்றி. செப்டம்பர் இறுதியில் அஸ்காட்டில் நடந்த ராயல் லாட்ஜ் பந்தயத்தில், பின்னால் இருந்தபடியே வெளிப்புறமாகச் சுற்றி வந்து, திருப்பத்திலேயே அனைவரையும் கடந்து 10 நீளத்தில் வென்றது. அந்தப் பந்தயத்தின் காணொளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குவீலி ஃபிராங்கெலைத் துரத்தவே இல்லை, அதன் போக்கில் விட்டார், அவ்வளவுதான். அக்டோபரில் டூஹர்ஸ்ட் பந்தயத்தையும் வென்று, இரண்டு வயதுக் குதிரைகளுக்கான ஐரோப்பியத் தரவரிசையில் டிரீம் அஹெட்டுடன் 126 புள்ளிகளில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது.

2011 ஏப்ரல் 30 அன்று ஓடிய 2000 கினீஸ் பந்தயத்தைத்தான் நான் இந்த விவாதத்தின் மையமாக வைக்க விரும்புகிறேன். அன்று முன்னால் ஓடி வேகம் வகுக்க வேண்டிய துணைக் குதிரையால் அந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. தொடக்க வாயில் திறந்த சில நொடிகளிலேயே ஃபிராங்கெல் முன்னால் போய்விட்டது. ஒரு கட்டத்தில் பின்னால் வந்தவற்றுக்கும் அதற்கும் இடையே சுமார் 15 நீள இடைவெளி இருந்தது. உச்சத் தரமான குரூப் 1 பந்தயத்தில், அதுவும் மூன்று வயதுக் குதிரைகளுக்கான தலையாய கிளாசிக் பந்தயங்களில் ஒன்றில், இப்படி ஒரு காட்சியை எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இறுதியில் 6 நீள வெற்றி. 1947-இல் டியூடர் மின்ஸ்ட்ரெல் 8 நீளத்தில் வென்றதற்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் பதிவான மிகப் பெரிய வித்தியாசம் அது.

அந்த ஓட்டம் மேதைமையா, அடக்க முடியாத பதற்றமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். என் பதில் இரண்டும்தான் என்பது. நண்பர்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம். கூடவே இன்னொரு கேள்வியையும் வைக்கிறேன்: இங்கிலாந்தை விட்டு வெளியே போகாத, பத்தரை ஃபர்லாங்குக்கு (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்) மேல் ஓடாத ஒரு குதிரையை எல்லாக் காலத்துக்கும் சிறந்தது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?


வம்சாவளி வாசகர் எழுதியது:

குளம்பொலி அவர்களுக்கு நன்றி. பந்தயங்களுக்குள் போகுமுன், அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. ஃபிராங்கெலின் பிறப்பு அதிர்ஷ்டத்தால் நேர்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

தகப்பன் வழியில் முழுக்க முழுக்கத் தாக்குப்பிடிக்கும் வலு. கலிலியோ 2001-இல் எப்சம் டார்பி, ஐரிஷ் டார்பி, கிங் ஜார்ஜ் ஆகிய மூன்றையும் வென்ற குதிரை. மூன்றும் 12 ஃபர்லாங் பந்தயங்கள். அதன் தகப்பன் சாட்லர்ஸ் வெல்ஸ். தாய் அர்பன் சீ, 1993-இல் பாரிசின் ஆர்க் பந்தயத்தை வென்ற பெட்டை. தாய் வழியில் கதை வேறு. கைண்ட் ஐந்து, ஆறு ஃபர்லாங் தூரங்களில், குரூப் பந்தயங்களுக்கு அடுத்த தரமான லிஸ்டட் பந்தயங்களை வென்ற குறுந்தூர ஓட்டக்காரி. அதன் தகப்பன் டேன்ஹில், வேகத்துக்குப் பேர் போன பொலிகுதிரை. ஆனால் கைண்டின் தாயைப் பாருங்கள். ரெயின்போ லேக் என்ற அந்தப் பெட்டை, 12 ஃபர்லாங் பந்தயமான லங்காஷயர் ஓக்ஸை வென்றது. அதற்குப் பயிற்சியளித்தவரும் ஹென்றி செசிலே. ரெயின்போ லேக்கின் தகப்பன் ரெயின்போ குவெஸ்ட், 1985-இல் ஆர்க் பட்டம் பெற்ற, இளவரசரின் சொந்தக் குதிரை. ஆக, கைண்ட் என்ற வேகக்காரிக்குத் தாய் வழியில் நெடுந்தூர இரத்தம் இருந்தது. டேன்ஹில் நடுவில் நுழைந்து அந்தக் குடும்பத்துக்கு வேகத்தைக் கொடுத்திருக்கிறது. கலிலியோ வந்து மீண்டும் வலுவைச் சேர்த்திருக்கிறது.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. சாட்லர்ஸ் வெல்ஸ், நார்தர்ன் டான்சரின் மகன். டேன்ஹிலின் தகப்பனான டான்சிக்கும் நார்தர்ன் டான்சரின் மகனே. ஆகவே ஃபிராங்கெலின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் தகப்பன் வழியில் மூன்றாம் தலைமுறையிலும் தாய் வழியில் நான்காம் தலைமுறையிலும் வருகிறது. 1964-இல் கென்டக்கி டார்பியை வென்ற அந்தச் சிறிய கனடியக் குதிரையின் இரத்தம் இரண்டு வெவ்வேறு பாதைகளில், ஒன்று வலுவாகவும் மற்றொன்று வேகமாகவும் உருமாறி, கடைசியில் ஒரே உடலில் மீண்டும் சந்தித்திருக்கிறது.

கலிலியோவை டேன்ஹிலின் மகள்களோடு சேர்ப்பது அப்போதே பலன் தந்து கொண்டிருந்த வழிமுறை. 2006-இல் டூஹர்ஸ்ட்டை வென்ற டியோஃபிலோ அந்தச் சேர்க்கையில் பிறந்ததே. 2010 டூஹர்ஸ்ட்டில் ஃபிராங்கெலுக்கு அடுத்து வந்த ரோடரிக் ஓ'கானரும் கலிலியோவுக்கு டேன்ஹில் மகளிடம் பிறந்த குதிரைதான். முதலிரண்டு இடங்களும் ஒரே சேர்க்கைக்குப் போன பந்தயம் அது. ஜட்மான்ட் தன் பெட்டைகளைக் கலிலியோவிடம் அனுப்பி, பிறக்கும் குட்டிகளை அந்தப் பொலிகுதிரையின் உரிமையாளரான அயர்லாந்தின் கூல்மோருடன் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில் பிறந்ததுதான் ஃபிராங்கெல்.

ஆனால் சேர்க்கை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கைண்ட் அடுத்த ஆண்டே அதே கலிலியோவுக்கு நோபிள் மிஷன் என்ற ஆண் குட்டியை ஈன்றது. 2014 சாம்பியன் ஸ்டேக்ஸ் உட்பட குரூப் 1 பந்தயங்களை வென்ற மிகச் சிறந்த குதிரை அது. ஆனாலும் அது ஃபிராங்கெல் ஆகவில்லை. ஒரே தாய், ஒரே தகப்பன், ஓராண்டு இடைவெளி. வளர்ப்பவர் கையில் இருப்பது வாய்ப்பை நல்லபடி அமைத்துக் கொடுப்பது மட்டுமே.


நெடுந்தூரன் எழுதியது:

நண்பர்கள் எழுதியவற்றை மதிப்போடு படித்தேன். ஃபிராங்கெல் ஒரு மாபெரும் குதிரை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் குளம்பொலி கடைசியில் கேட்டிருக்கும் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே.

ஒரு குதிரையின் மேன்மை அது தவிர்த்த சோதனைகளையும் சேர்த்தே அளக்கப்பட வேண்டும். ஃபிராங்கெல் டார்பியில் ஓடவில்லை. ஆர்க் பந்தயத்துக்குப் போகவில்லை. பிரான்சுக்கோ அயர்லாந்துக்கோ அமெரிக்காவுக்கோ ஒருமுறைகூடப் பயணம் செய்யவில்லை. 14 ஓட்டங்களில் 12 ஏழு அல்லது எட்டு ஃபர்லாங் தூரத்தில் நடந்தவை. கடைசி இரண்டு மட்டுமே பத்து ஃபர்லாங் அளவில்.

பிரிகேடியர் ஜெரார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அடிப்படையில் ஒரு மைல் குதிரை. 1971-இல் கினீஸ் பந்தயத்தில் மில் ரீஃபையே தோற்கடித்தது. 18 பந்தயங்களில் 17 வெற்றி. ஆனால் அதன் உரிமையாளர்கள் அந்தப் பெருமையைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கவில்லை. 1972-இல் 12 ஃபர்லாங் கிங் ஜார்ஜ் பந்தயத்தில் இறக்கினார்கள், வென்றும் காட்டினார்கள். இத்தாலியின் ரிபோ 16 ஓட்டங்களிலும் தோல்வி காணாமல், இரண்டு ஆர்க் பட்டங்களையும் எடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றது. ஃபிராங்கெலின் 14-ஐ இவற்றின் பக்கத்தில் வைக்கும்போது, அந்த எண்ணிக்கையில் எவ்வளவு துணிச்சல் இருக்கிறது என்று கேட்பது நியாயம்தானே?

மற்றொன்று. 2011 ஜூனில் அஸ்காட்டில் நடந்த செயின்ட் ஜேம்ஸஸ் பேலஸ் பந்தயத்தில் ஃபிராங்கெல் ஜோஃபனியிடம் முக்கால் நீளத்தில்தான் தப்பியது. ஜோஃபனி நல்ல குதிரை. மாபெரும் குதிரை அன்று. இன்னும் அரை ஃபர்லாங் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று பலரும் கேட்டதை மறந்துவிடக் கூடாது.


குளம்பொலி எழுதியது:

நெடுந்தூரன் அவர்களே, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் கருத்துக்கு அந்தப் பந்தயமே சிறந்த சான்று.

அஸ்காட்டில் அன்று துணைக் குதிரையான ரீரூட்டிங், மற்றவற்றை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு முன்னால் போனது. அதை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று குவீலி பாதித் தூரத்திலேயே ஃபிராங்கெலை முடுக்கினார். வளைவை முடித்து நேர்ப்பாதைக்குத் திரும்பும்போது அது பல நீளம் முன்னால் இருந்தது. அங்கிருந்து கடைசிவரை ஒரு குதிரையால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. கடைசி ஃபர்லாங்கில் அதன் நடை குறுகுவதும், ஜோஃபனி நெருங்குவதும் தெளிவாகத் தெரிகிறது. அது குதிரையின் தோல்வியன்று. ஆற்றலைச் செலவிட்ட கணக்கில் நேர்ந்த பிழை. அப்படி ஓட்டியும் அது வென்றது.

அடுத்த மாதமே குட்வுட்டின் சஸ்ஸெக்ஸ் பந்தயம். எதிரே நின்றது கான்ஃபர்ட் கிளிஃப்ஸ், வரிசையாக ஐந்து குரூப் 1 பந்தயங்களை வென்றிருந்த நான்கு வயதுக் குதிரை. அன்று களத்தில் நான்கே குதிரைகள். குவீலி முதலிலேயே முன்னால் போனார், ஆனால் இம்முறை கடிவாளம் அவர் கையில் இருந்தது. அளவான வேகத்தில் அழைத்துச் சென்று, கடைசி இரண்டு ஃபர்லாங்கில் மட்டும் விட்டார். 5 நீள வெற்றி. கினீஸில் முன்னால் ஓடியதற்கும் குட்வுட்டில் முன்னால் ஓடியதற்கும் உள்ள வேறுபாடுதான் நான் சொல்ல வருவது. இடையில் மூன்று மாதங்கள்கூட முழுதாக ஆகவில்லை.

தோற்ற குதிரைகளின் தரத்தையும் கொஞ்சம் பாருங்கள். முதல் ஓட்டத்தில் அரை நீளத்தில் தோற்ற நதானியேல், மறு ஆண்டு கிங் ஜார்ஜையும் அதற்கடுத்த ஆண்டு எக்லிப்ஸையும் வென்றது. ராயல் லாட்ஜில் பத்து நீளத்துக்கு மேல் பின்தங்கிய டிரெஷர் பீச், எப்சம் டார்பியில் இரண்டாவதாக வந்து ஐரிஷ் டார்பியை வென்றது. டூஹர்ஸ்ட்டில் ஐந்தாவதாக வந்த டிரீம் அஹெட், அடுத்த ஆண்டு ஜூலை கோப்பை உட்பட மூன்று குரூப் 1 பந்தயங்களை வென்றது. எக்செலபிரேஷன் ஃபிராங்கெலோடு ஐந்து முறை மோதி ஐந்திலும் தோற்றது. ஃபிராங்கெல் இல்லாத நாட்களில் பிரான்சில் மூலான், ஜாக் லெ மரோவா பந்தயங்களையும் அஸ்காட்டில் குயீன் எலிசபெத் பந்தயத்தையும் வென்றது. வேறெந்த ஆண்டில் பிறந்திருந்தாலும் எக்செலபிரேஷனைத்தான் நாம் அந்தக் காலத்தின் ஒரு மைல் மன்னன் என்று பேசிக்கொண்டிருப்போம். எனக்கு அந்தக் குதிரைமேல் தனிப்பட்ட அன்பு உண்டு.

பிரிகேடியர் ஜெரார்ட் பற்றி ஒரு வார்த்தை. கிங் ஜார்ஜை வென்ற மறுமாதம் அது யார்க் மைதானத்தில் ரொபெர்டோவிடம் தோற்றது. அதன் வாழ்க்கையின் ஒரே தோல்வி அது. அந்தப் பந்தயம் பெயர் மாறி இன்று ஜட்மான்ட் இன்டர்நேஷனல் என்று நடக்கிறது. அதே மைதானத்தில், அதே பந்தயத்தில்தான் 2012 ஆகஸ்ட் 22 அன்று ஃபிராங்கெல் முதல்முறையாகப் பத்தரை ஃபர்லாங் ஓடி 7 நீளத்தில் வென்றது.


புதிய உறுப்பினர் எழுதியது:

மூத்தவர்களின் விவாதத்துக்கு நடுவில் ஒரு சிறு ஐயம். துணைக் குதிரை என்று குறிப்பிடுவது எதற்காக ஓடுகிறது? அதுவும் வெல்ல முயலுமா? ஒரே உரிமையாளருக்கு இரண்டு குதிரைகள் ஓடுவது விதிக்கு உட்பட்டதா?


லாயத்துக்காரர் எழுதியது:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. ஐரோப்பியப் பந்தயங்களில் முன்னால் போய் வேகம் வகுக்க யாரும் முன்வராவிட்டால் ஓட்டம் மந்தமாகி, கடைசி இரண்டு ஃபர்லாங் மட்டும் வேகப்போட்டியாக மாறிவிடும். அப்போது சிறந்த குதிரை வெல்லும் என்ற உறுதி இல்லை. அதனால் ஓர் உரிமையாளர் தன் இன்னொரு குதிரையையும் பதிந்து, முன்னால் சீரான வேகத்தில் போகச் சொல்வார். இது விதிக்கு உட்பட்டதே. ஃபிராங்கெலுக்கு 2011 இறுதியிலிருந்து இந்த வேலையைச் செய்தது புல்லெட் டிரெயின். அது கைண்டின் மூத்த மகன், சாட்லர்ஸ் வெல்ஸுக்குப் பிறந்தது. லிங்ஃபீல்டில் டார்பிக்கான தேர்வுப் பந்தயத்தை வென்ற குதிரை, பிறகு தம்பிக்காக முன்னால் ஓடும் பணிக்கு வந்தது. அதிகாலைப் பயிற்சியிலும் புல்லெட் டிரெயினின் பின்னால் ஃபிராங்கெலை நிறுத்திப் பொறுமை பழக்கினார்கள்.

அந்தப் பயிற்சியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். பந்தய நாளில் நாம் பார்ப்பது ஒன்றரை நிமிடம். மீதி எல்லாம் நியூமார்க்கெட்டின் புல்மேடுகளில் நடந்தது. குளிர்காலத்து விடியலில், முன்னே போகும் குதிரையின் வாலுக்குப் பின்னால் மூக்கை வைத்துக்கொண்டு, இழுத்துப் பாயத் துடிக்கும் அரை டன் எடையுள்ள ஆண் குதிரையை, கையைத் தளர்த்தாமலும் வாயைக் காயப்படுத்தாமலும் ஒருவர் ஏறி அமர்ந்து பழக்க வேண்டும். சண்டை போட்டால் குதிரை ஜெயித்துவிடும். அதற்குத் தெரியாமலேயே அதை அடங்க வைக்க வேண்டும். ஃபிராங்கெலைத் தினமும் காலையில் ஓட்டியவரின் பெயர் எந்த வெற்றிப் பட்டியலிலும் இல்லை. அதை லாயத்தில் பராமரித்தவர் இந்தியாவிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர். இவர்களைச் சொல்லாமல் ஃபிராங்கெலின் வரலாற்றை முடிக்கக் கூடாது.

ஹென்றி செசிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்து முறை சாம்பியன் பயிற்சியாளராக இருந்தவர், 2005-இல் ஆண்டு முழுவதும் 12 வெற்றிகளோடு நின்ற நிலைக்குத் தாழ்ந்தார். குதிரைகளைக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பிறகு புற்றுநோயும் வந்தது. அந்தக் காலத்தில் தன் குதிரைகளைத் தொடர்ந்து வாரன் பிளேஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் இளவரசர் காலித். ஃபிராங்கெல் அந்த லாயத்துக்கு வந்தது இந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாகத்தான். 2012-இல் யார்க் மைதானத்துக்குச் செசில் சிகிச்சையால் மெலிந்து, குரல் தேய்ந்த நிலையில் வந்து நின்றதைப் பார்த்தவர்கள், அன்றைய கரவொலி யாருக்காக எழுந்தது என்பதை அறிவார்கள். 2013 ஜூன் 11 அன்று அவர் காலமானார்.

நெடுந்தூரன் ஐயா துணிச்சல் பற்றிக் கேட்டார். ஒன்றைக் கவனியுங்கள். 2011 அக்டோபரில் ஃபிராங்கெல் ஒன்பது ஓட்டங்களில் ஒன்பதையும் வென்றிருந்தது. கினீஸ் வென்ற, தோல்வியறியாத கலிலியோ மகன். அன்றே பொலிகுதிரையாக நிறுத்தியிருந்தால் பெரும் வருமானம் உறுதி. நான்கு வயதில் மீண்டும் ஓடவிட்டால் ஒரு தோல்வி, ஒரு முறிவு போதும், எல்லாம் குறைந்துவிடும். 2012 ஏப்ரலில் பயிற்சியின்போது அதன் முன்னங்காலில் அடிபட்டபோது, இனி ஓடாது என்ற வதந்தியே கிளம்பியது. அப்படியிருந்தும் ஓடவிட்டார்கள். மே மாதம் நியூபரியில் லாக்கிஞ் பந்தயத்தில் 5 நீளம். ஜூனில் அஸ்காட்டில் குயீன் ஆன் பந்தயத்தில் 11 நீளம். இரண்டிலும் அடுத்து வந்தது எக்செலபிரேஷனே.


எடைக்கணக்கர் எழுதியது:

எண்களைப் பற்றி ஒரு சிறு விளக்கம், ஏனென்றால் இந்த விவாதம் எங்கே நடந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

குயீன் ஆன் வெற்றிக்குப் பிறகு, குதிரைகளின் திறனைப் புள்ளிகளால் மதிப்பிடும் டைம்ஃபார்ம் நிறுவனம் ஃபிராங்கெலுக்கு 147 புள்ளிகள் வழங்கியது. சமதளப் பந்தயக் குதிரைகளுக்கு அந்நிறுவனம் இதுவரை அளித்தவற்றில் மிக உயர்ந்தது அது. அதற்கு முன்பு 1965-இல் சீ-பேர்டு பெற்ற 145-தான் உச்சம். பிரிகேடியர் ஜெரார்டும் டியூடர் மின்ஸ்ட்ரெலும் 144. உலகத் தரவரிசையில் ஃபிராங்கெலுக்குக் கிடைத்தது 140. அப்போது அந்தப் பட்டியலில் 1986-இன் டான்சிங் பிரேவ் 141-உடன் மேலே இருந்தது. 2013 தொடக்கத்தில் பழைய மதிப்பீடுகளை மறுபரிசீலனை செய்து டான்சிங் பிரேவை 138-க்குக் குறைத்தார்கள். ஃபிராங்கெல் முதலிடத்துக்கு வந்தது.

இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு ஏற்கவில்லை. பழைய மதிப்பீடுகள் சற்று அதிகமாக இருந்தன என்ற வாதத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் ஒரு குதிரை புகழின் உச்சியில் இருக்கும் பருவத்தின் முடிவிலேயே அதைச் செய்தது, அந்த முதலிடத்துக்குத் தேவையற்ற ஐயத்தைச் சேர்த்துவிட்டது. ஃபிராங்கெலுக்கு அந்த உதவி தேவைப்படவே இல்லை. 2022-இல் அமெரிக்காவின் ஃபிளைட்லைன் ஆறே ஓட்டங்களில் அதே 140-ஐத் தொட்டது. பதின்நான்கு ஓட்டங்களில் பத்து குரூப் 1 வெற்றிகளோடு நின்ற குதிரையையும் ஆறு ஓட்டக் குதிரையையும் ஒரே எண் சமமாக்குகிறது என்றால், அந்த எண் ஓர் உச்ச நாளை மட்டும்தான் அளக்கிறது, ஒரு வாழ்க்கையை அளக்கவில்லை.


நெடுந்தூரன் எழுதியது:

லாயத்துக்காரர் எழுதியது மனத்தைத் தொட்டது. நான்கு வயதில் ஓடவிட்டது துணிச்சலே, அதை மறுக்கவில்லை. யார்க் பந்தயத்தைப் பற்றியும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டார்பி வம்சத்துக் குதிரையான செயின்ட் நிக்கலஸ் ஆபி அன்று மூன்றாவதாக வந்தது, இரண்டாவதாக வந்த ஃபார் மறு ஆண்டு சாம்பியன் ஸ்டேக்ஸை வென்றது. ஆனால் யார்க்கில் அவ்வளவு இலகுவாக வென்ற குதிரைக்கு 12 ஃபர்லாங் எட்டாத தூரமாக இருந்திருக்காது என்பதுதான் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. முடிந்திருக்கும் என்றால் ஏன் செய்யவில்லை?


வம்சாவளி வாசகர் எழுதியது:

ஏன் செய்யவில்லை என்பதற்கு 2011 மே மாதத்து நிலையைப் பார்க்க வேண்டும். கினீஸில் அப்படி ஓடிய குதிரையை ஐந்து வாரத்தில் எப்சம் கொண்டு போனால், மேடேறி, சரிவில் இறங்கி, டாட்டன்ஹாம் வளைவில் திரும்பும் அந்தப் பாதையில் அது தன்னைத்தானே எரித்துக்கொண்டிருக்கும். உடலில் வலு இருந்தது. அந்த வலுவைப் பங்கிட்டுச் செலவிடும் பக்குவம் அப்போது வரவில்லை. பக்குவம் வந்தபோது, டார்பியில் ஓடக்கூடிய மூன்று வயது கடந்துவிட்டது.

உடலில் வலு இருந்தது என்று நான் ஊகமாகச் சொல்லவில்லை. குட்டிகள் அதை மெய்ப்பித்துவிட்டன. 2013-இல் பான்ஸ்டெட் மேனர் பண்ணையிலேயே 1,25,000 பவுண்டு கட்டணத்தில் ஃபிராங்கெல் பொலிகுதிரையானது. வேகமான ஒரு மைல் குதிரைகளைத் தரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். முதல் குரூப் 1 வெற்றி ஜப்பானில் வந்தது: 2016-இல் சோல் ஸ்டிரிங் என்ற பெட்டை ஹன்ஷின் மைதானத்தில் வென்று, மறு ஆண்டு 12 ஃபர்லாங் அளவிலான ஜப்பானிய ஓக்ஸையும் வென்றது. 2019-இல் அனாபுர்னா எப்சம் ஓக்ஸையும், லாஜிஷியன் பதினான்கரை ஃபர்லாங் செயின்ட் லெஜரையும் வென்றன. 2021-இல் ஃபிராங்கெலின் மகன் அடையார், தகப்பன் ஓடாத அதே எப்சம் டார்பியை வென்றது. அடுத்த மாதமே கிங் ஜார்ஜையும் எடுத்துக்கொண்டது. அடையாரின் தாயின் பெயர் அண்ணா சாலை. சென்னைக்காரர்கள் இந்த வம்சாவளியை மறக்கவே முடியாது. அதே ஆண்டு ஹரிக்கேன் லேன் ஐரிஷ் டார்பியையும் செயின்ட் லெஜரையும் வென்றது. 2022-இல் ஐந்து வயதுப் பெட்டையான அல்பினிஸ்டா ஆர்க்கை வென்றது.

குட்டிகள் வென்ற பரிசுத்தொகையை வைத்து வரிசைப்படுத்தும் பிரிட்டன், அயர்லாந்து பொலிகுதிரைப் பட்டியலில் 2010 முதல் 2020 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது கலிலியோ. 2021-இல் அந்த வரிசையை முறித்து முதலிடம் பிடித்தது சொந்த மகனே. அதே ஆண்டு ஜூலையில் கலிலியோ இறந்தது. 2023-இல் ஃபிராங்கெல் மீண்டும் முதலிடம் பெற்றது. அந்த ஆண்டு 2000 கினீஸை வென்ற சால்டியன் ஃபிராங்கெலின் மகன், ஜட்மான்டின் சொந்தக் குதிரை.


குளம்பொலி எழுதியது:

கடைசி ஓட்டத்தை யாரும் தொடவில்லை. 2012 அக்டோபர் 20, அஸ்காட், சாம்பியன் ஸ்டேக்ஸ். தொடர் மழையால் தரை சேறாகியிருந்தது. அத்தகைய தரையை விரும்பும் பிரான்சின் சிரஸ் டெஸ் எய்கிள், அந்தப் பந்தயத்தை முந்தைய ஆண்டு வென்ற குதிரை, எதிரே நின்றது. வாயில் திறந்தபோது ஃபிராங்கெல் தாமதமாகக் கிளம்பி சில நீளங்களை இழந்தது. கினீஸ் நாளில் இது நடந்திருந்தால் அந்த இழப்பை உடனே ஈடுகட்டப் பாய்ந்திருக்கும். அன்று பாயவில்லை. பின்னால் இருந்தபடியே தன் தாளத்தைப் பிடித்து, நேர்ப்பாதையில் படிப்படியாக முன்னேறி, ஒன்றே முக்கால் நீளத்தில் வென்றது. வித்தியாசத்தில் அதன் பெரிய வெற்றிகளின் பக்கத்தில்கூட வராது. ஆனால் பதினான்கில் ஒன்றை மட்டும் மீண்டும் பார்க்கச் சொன்னால் நான் அதைத்தான் பார்ப்பேன். மூன்றாவதாக வந்தது, முதல் ஓட்டத்தில் அரை நீளத்தில் தோற்ற அதே நதானியேல்.


நெடுந்தூரன் எழுதியது:

அந்த ஓட்டத்தை மீண்டும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தாமதமாகக் கிளம்பியும் குவீலி அவசரப்படாமல் அமர்ந்திருந்ததும், குதிரை அதை ஏற்றுக்கொண்டதும் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. வம்சாவளி வாசகர் பட்டியலில் ஒன்றை நானும் சேர்க்கிறேன்: ஃபிராங்கெலின் மகன் கிராக்ஸ்மன், தகப்பன் விடைபெற்ற சாம்பியன் ஸ்டேக்ஸை 2017, 2018 இரண்டு ஆண்டுகளும் வென்றது, கிராக்ஸ்மனின் மகன் ஏஸ் இம்பாக்ட் 2023-இல் பிரெஞ்சு டார்பியையும் ஆர்க்கையும் தோல்வியே காணாமல் வென்றது. ஆகவே இரத்தத்தில் 12 ஃபர்லாங் இருந்தது என்பதில் இனி எனக்குக் கேள்வி இல்லை. 2011 கோடையில் எப்சம் வேண்டாம் என்றதும் எனக்குப் புரிகிறது. 2012 அக்டோபர் முதல் ஞாயிறன்று, லாங்ஷாம் மைதானத்தில் ஆர்க் ஓடியபோது, பக்குவமடைந்த நான்கு வயது ஃபிராங்கெல் நியூமார்க்கெட் லாயத்தில் நின்றிருந்தது என்பதை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. அதற்கு யாரேனும் விளக்கம் வைத்திருந்தால் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.